துக்கம் விசாரிக்காத யாத்ரிகர்கள்

ராமேசுவரம் போய்வந்த நண்பர் சொன்னார்: "காலையில் 22 தீர்த்தத்திலும் ஸ்நானம் முடிந்தது. மத்தியானம் தனுஷ்கோடி போய் அந்தப் 'பேய் நகரத்தை'யும் பார்த்துவிட்டோம்."

பேய் நகரமாம்! யார் ஐயா பேய்?

1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் இறங்கித்தான் தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள். ஸ்டேஷன், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மாதாகோவில் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலைப் பிரயாணிகளோடு கடல் கொண்டது. 'இனி மனிதர் வசிக்க லாயக்கில்லை' என்று சர்க்கார் கைகழுவியது. மீனவர்கள் மட்டும் கைகழுவவில்லை. இன்றும் குடிசை போட்டுக்கொண்டு அங்கேதான் வலை வீசுகிறார்கள்.

2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்தாயிற்று. அது மீனவர்களுக்கும் உதவுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் கார் ஏறிப் போகும் நாம் என்ன செய்கிறோம்? மாதாகோவிலின் இடிந்த சுவரில் சாய்ந்து, பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். இழவு வீட்டுக்குப் போனால் துக்கம் விசாரிப்பதுதான் நம் வழக்கம். சுவர் அழகாயிருக்கிறது என்று அங்கே யாரும் படம் பிடிப்பதில்லை.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் போங்கள். சுவரைப் பார்த்த கையோடு, பக்கத்தில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அந்த இரவைப் பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்த பிறகும் 'பேய் நகரம்' என்று சொல்ல உங்களுக்கு நாக்கு எழுந்தால், தாராளமாகச் சொல்லுங்கள்.