மருந்து கொடுத்த கை

தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,



விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வருகிற ஊர் மல்லாங்கிணறு. கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தியும் மக்காச்சோளமும் மிளகாயும் உண்டு. மழை ஏமாற்றினால் பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலை, இல்லையென்றால் தீப்பெட்டி ஆபீஸ். விடியுமுன்னே கம்பெனி வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். இந்தச் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலத்தில் வரும் உங்கள் நோட்டீஸை எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் யாரையாவது தேடிப்போய் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் 'மருந்து' என்றால் ஆஸ்பத்திரி மருந்து மட்டும் இல்லை. பட்டாசுக்குள் போகிறதும் மருந்துதான். மருந்து கலக்கிறவர், மருந்து செலுத்துகிறவர் என்று வேலையைச் சொல்லித்தான் ஆளை அடையாளம் சொல்வார்கள். பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு கணக்கு எழுதியிருக்க வேண்டும்: உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று. அது சட்டம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து 30 பேருக்கு மேல் கருகிப்போனபோது, ஊர் கேட்ட முதல் கேள்வி செத்தவர் ஏன் உள்ளே போனார் என்பது இல்லை. அவ்வளவு மருந்தையும் அவ்வளவு ஆட்களையும் உள்ளே விட்டது யார் என்பதுதான்.

ஓட்டக்காரப் பிள்ளை ஒன்று ஊக்கமருந்தில் சிக்கினால் மட்டும் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் ஓடக் கற்றுக்கொண்ட ஒரு பெண். பெயர் சொல்ல மாட்டேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். எங்கள் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டால் 200 மீட்டர் சுற்றுதான் வரும். அதனால் 800 மீட்டர் என்றால் அவளுக்கு நாலு சுற்று. முதல் தடவை விருதுநகர் ஸ்டேடியத்தில் இரண்டாவது சுற்றின் கடைசியில் எல்லோரும் விழுந்தடித்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு சுத்தோட முடிஞ்சிருச்சா சார்?" என்று கேட்டாள். மூன்றாவதாக வந்திருந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை. அப்படிப்பட்ட கால்கள்.

பிறகு வெளியூரில் ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்தாள். ஒரு பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். முகமெல்லாம் பரு. குரல் கட்டின மாதிரி இருந்தது. சளியா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பையிலிருந்து லேபிள் கிழிக்கப்பட்ட ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"என்ன தாயி இது?"

"சத்து மாத்திரைன்னு கொடுத்தாங்க சார். மூணு மாசமா மாதவிலக்கு வரல."

யார் கொடுத்தது என்று கேட்டேன். சொல்லவில்லை. சொன்னால் தங்குகிற இடம் போய்விடும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைக்கப்போகிற வேலை போய்விடும், கூட ஓடுகிற பிள்ளைகள் பேச மாட்டார்கள் என்றாள். கடைசியில் அவளே ஓட்டத்தை விட்டுவிட்டாள். இன்று சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் இதை அனுப்புகிறேன்.

800 மீட்டர் என்றாலே எனக்குத் தோஹாதான் நினைவுக்கு வரும். 2006 ஆசிய விளையாட்டில் அங்கேதான் புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள். அவர் எந்த மருந்தும் சாப்பிட்டதாக யாரும் சொல்லவில்லை. பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் உடம்புக்குள் இருந்த இரகசியத்தை உலகமே தொலைக்காட்சியில் பேசியது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2019 ஏப்ரலில், அதே தோஹாவில் அதே 800 மீட்டரில் திருச்சி முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்து ஆசியத் தங்கம் வாங்கினார். அன்றைக்கு நான் பள்ளியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தேன்.

அந்தத் தங்கமும் நிலைக்கவில்லை. அவருடைய மாதிரிகளில் நான்ட்ரலோன் வகை ஸ்டீராய்டு இருந்ததென்று நாலு வருஷத் தடை வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் சொன்னார். தடை சரியா தவறா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். மார்ச்சில் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியின் முடிவு, ஏப்ரலில் அவர் தோஹாவுக்கு விமானம் ஏறுமுன் ஏன் வந்து சேரவில்லை? வந்திருந்தால் ஊரே கொண்டாடி, அப்புறம் ஊரே தலைகுனிகிற நிலை அந்தக் குடும்பத்துக்கு வந்திருக்காது. மருந்து எந்தக் கை வழியாக அவர் உடம்புக்குள் போனது என்று கடைசிவரை நம் யாருக்கும் தெரியவரவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

2011-இல் நடந்தது உங்கள் கோப்புகளில் இருக்கும். 400 மீட்டர் ஓடும் நம் பெண்கள் ஆறு பேர் சிக்கினார்கள். முந்தைய வருஷம் டெல்லி காமன்வெல்த் போட்டியில் தொடர் ஓட்டத் தங்கம் வாங்கிய அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் மூவரும் அதில் உண்டு. உக்ரைன்காரப் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங்கில் கலந்திருந்தது என்று அவர்கள் சொன்னார்கள். பயிற்சியாளருக்கு வேலை போனது. பெண்களுக்கு முதலில் ஒரு வருஷத் தடை, மேல்முறையீட்டில் அது இரண்டு வருஷமானது. ஓட்டக்காரிக்கு இரண்டு வருஷம் என்பது வாழ்நாளில் பாதி.

2023 செப்டம்பரில் டெல்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் நடந்ததைப் படித்தபோது அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கழிப்பறையில் ஊசிகள் கிடக்கும் வீடியோ வெளியானது. உங்கள் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருவர் ஓடினார். அந்த ஊசிகளை வாங்கிக் கொடுத்த பெரியவர்கள் எந்த வாசல் வழியாகப் போனார்கள்?

2024-ஆம் ஆண்டுக்கான உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் கணக்கில் இந்தியாவில் 7,113 மாதிரிகள் சோதிக்கப்பட்டு 260-இல் தடைசெய்த பொருள் இருந்திருக்கிறது. சோதனையைக் கூட்டியதால்தான் எண்ணிக்கையும் கூடுகிறது என்கிறீர்கள். அதில் உண்மை இருக்கிறது. சமீபத்தில் சில பயிற்சியாளர்கள்மீதும் நடவடிக்கை எடுத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் பயிற்சியாளரைப் பிடிக்கப் பிள்ளைகள் வாய் திறக்க வேண்டும். வாய் திறந்த பிள்ளைக்கு என்ன ஆனது என்று உலகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ரஷ்யாவின் யூலியா ஸ்டெபனோவாவை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவரும் 800 மீட்டர்தான். தானும் மருந்து எடுத்துத் தடை வாங்கியவர். கணவர் விட்டாலி அங்கே ஊக்கமருந்து தடுப்பு அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர். இருவரும் சேர்ந்து உள்ளே நடப்பதை இரகசியமாகப் பதிவு செய்தார்கள். 2014 டிசம்பரில் ஜெர்மன் தொலைக்காட்சியில் அது வெளிவந்தபோது, சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாட்டைவிட்டே போய்விட்டிருந்தார்கள். முதலில் ஜெர்மனி, பிறகு அமெரிக்கா. எந்த ஊரில் இருக்கிறோம் என்று வெளியே சொல்ல முடியாத வாழ்க்கை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில், வீரர்கள் தங்கள் இருப்பிடத்தைப் பதிகிற உலக முகமையின் கணக்கை, அவருடைய கடவுச்சொல்லைத் திருடி யாரோ திறந்துவிட்டார்கள். குடும்பம் மறுபடியும் வீடு மாற வேண்டியதாயிற்று. பாதுகாப்பதற்காக வாங்கி வைத்த முகவரியே ஆபத்தாகிவிட்டது.

அதற்கும் முன்னால், 1977-இல், கிழக்கு ஜெர்மனியின் ஓட்டக்காரி ரெனாட்டே நியூஃபெல்ட் மேற்கே தப்பினார். பயிற்சியில் கொடுத்த மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோய் ஆய்வுக்குக் கொடுத்தார். அவை ஸ்டீராய்டு என்று தெரிந்தது. ஊரில் விட்டுவந்த குடும்பம் அதற்காகக் கஷ்டப்பட்டது. அந்த நாட்டில் சிறுமிகளிடம் வைட்டமின் என்று சொல்லி நீல மாத்திரை கொடுத்த அமைப்பின் தலைவர் மன்ஃப்ரெட் ஏவால்டுக்கு, 2000-இல் பெர்லின் நீதிமன்றம் 22 மாதத் தண்டனை விதித்தது. அதுவும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. சிறைக்குப் போகவில்லை. வைட்டமின் என்ற அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு என் மேசைமேல் வைத்த வெள்ளை டப்பாதான் ஞாபகம் வந்தது.

ரெனாட்டேவுக்கும் யூலியாவுக்கும் தப்பிப் போக இன்னொரு நாடு இருந்தது. எங்கள் பிள்ளைக்கு மல்லாங்கிணறு மட்டும்தான் இருக்கிறது. இங்கிருந்தபடியே அவள் பயமில்லாமல் பேச வழி வேண்டும்.

ஐயா, வீட்டு வாசலில் வந்து கதவைத் தட்டும் உரிமையை வீரர்கள் உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் சோதனைப் பட்டியலில் இருப்பவர் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை தவறினால் மருந்தே எடுக்காதவருக்கும் தடை. இது அந்தரங்கத்தில் கைவைப்பது என்று பிரான்ஸ் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2018 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், நேர்மையான விளையாட்டுக்கு இது தேவை என்று தீர்ப்புச் சொன்னது. நானும் ஒப்புக்கொள்கிறேன். மாதிரி கொடுக்கிற அறையில், சட்டையை மார்புவரை தூக்கி, காற்சட்டையை முழங்கால்வரை இறக்கி, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க 90 மில்லி சிறுநீர் கொடுக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் அம்மா முன்னால்கூட உடை மாற்றாத பதினாறு வயதுப் பெண்ணுக்கு, அந்த அறைக்குள் போகுமுன் யார் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? இவ்வளவு சுதந்திரத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொள்கிற நீங்கள் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இருக்கிறது.

ஒரு மாதிரியில் மருந்து கண்டால் அந்தப் பிள்ளையோடு விசாரணை நின்றுவிடக் கூடாது. பயிற்சியாளர், டாக்டர், பவுடர் விற்ற கடைக்காரர் என்று நூல் பிடித்துப் போக வேண்டும். 2022-ஆம் ஆண்டு ஊக்கமருந்து தடுப்புச் சட்டம் உள்ளே நுழைந்து தேடவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை சிக்கினால் அந்த அதிகாரத்தைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

நோட்டீஸ் தமிழில் வரட்டும். குற்றச்சாட்டு கிடைத்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டால் நாலு வருஷத் தடையில் ஒரு வருஷம் குறையும் என்று விதி சொல்கிறது. யார் கொடுத்தார் என்று சொல்லி உதவினால் இன்னும் குறையலாம். எங்கள் ஊரில் அந்தக் காகிதத்தை வாசித்துப் புரியவைக்க ஆள் தேடுவதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும். மாவட்ட ஸ்டேடியங்களிலும் விளையாட்டு விடுதிகளிலும், பட்டாசு அறை வாசலில் எழுதியிருப்பது போல, சுவரில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள்: லேபிள் இல்லாத எதையும் வாயில் போடாதே, ஊசி போட வந்தால் இந்த எண்ணுக்குப் பேசு என்று. அந்த எண்ணில் தமிழ் பேசுகிற ஒரு பெண் இருக்கட்டும். பேசியவளின் பெயர் சங்கத்துக்கும் பயிற்சியாளருக்கும் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். பேசியதற்காக விடுதி இடத்தையும் கோட்டாவையும் அவள் இழக்கக் கூடாது. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோடு நீங்கள் உட்கார்ந்து பேசினால் ஒரு உத்தரவில் முடிகிற காரியம் இது.

அந்த வெள்ளை டப்பா இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பாதிக்கு மேல் மாத்திரை மிச்சம். பூட்டி வைத்திருக்கிறேன். யார் கொடுத்தது என்று இப்போதாவது சொல்வாயா என்று போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மொதல்ல அவங்க வந்து கேக்கட்டும் சார்" என்றாள்.

நீங்கள் ஆள் அனுப்பினால், பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மல்லாங்கிணறு.