மங்கி குல்லாய்

மார்கழி மாதத்து விடியற்காலையில் கோயிலுக்குப் புறப்படும் தாத்தாக்களின் தலையில் ஒரு வஸ்து வீற்றிருப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணும் மூக்கும் மட்டுமே வெளியே தெரியும். காது, கன்னம், மோவாய், கழுத்து எல்லாம் கம்பளிக்குள் அடக்கம். அதற்கு மங்கி குல்லாய் என்று நாமகரணம் செய்து வைத்திருக்கிறோம். பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். தாத்தாக்கள் லட்சியம் செய்வதில்லை. சிரிக்கிறவர்களுக்குத்தான் காது குளிர்கிறது!

ஆங்கிலத்தில் இதற்குப் பாலக்லாவா என்று பெயர். அது உண்மையில் ஓர் ஊரின் பெயர். கருங்கடலை ஒட்டிய கிரிமியா தீபகற்பத்தில் உள்ள சிறு துறைமுகம் அது. 1854-ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் பிரெஞ்சுக்காரருடனும் துருக்கியருடனும் சேர்ந்து ரஷ்யர்களுடைய செவஸ்தபோல் கோட்டையை முற்றுகையிட்டபோது, பிரிட்டிஷ் சேனைக்கு வேண்டிய சாமான்கள் யாவும் இத்துறைமுகத்தில்தான் வந்து இறங்கின. பனிக்காலம் தொடங்குமுன் காரியம் முடிந்துவிடும் என்று சேனாதிபதிகள் கணக்குப் போட்டார்கள். பனிக்காலம் அவர்களுடைய கணக்கைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

நவம்பர் 14-ஆம் தேதி பெரும் புயல் ஒன்று அடித்தது. துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பல்கள் பல பாறையில் மோதி உடைந்தன. அவற்றுள் 'பிரின்ஸ்' என்ற கப்பல், சிப்பாய்களுக்கென வந்த குளிர்கால உடைகளைச் சுமந்தபடியே மூழ்கிற்று. பின்னர் வேறு கப்பல்களில் உடைகள் வந்தன. ஆனால் துறைமுகத்திலிருந்து முகாம் வரையில் இருந்த சில மைல் தூரப் பாதை முழங்கால் சேறாகிவிட்டது. வண்டி இழுக்கவேண்டிய குதிரைகள் தீனியின்றி மாண்டன. கம்பளி கரையில் கிடந்தது. சிப்பாய் மேட்டில் விறைத்தான். அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் தரப்பில் காயத்தால் இறந்தவர்களைக் காட்டிலும் வியாதியால் இறந்தவர்கள் பன்மடங்கு அதிகம்.

'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர் ரஸ்ஸல் என்பவர் இந்த அலங்கோலத்தை ஒளிக்காமல் எழுதினார். அதைப் படித்து இங்கிலாந்து முழுவதும் கொதித்தது. குடும்பப் பெண்கள் குல்லாயும் கையுறையும் கழுத்துத் துணியும் பின்னி அனுப்பலானார்கள். காதையும் கழுத்தையும் மூடும் குல்லாய்க்குப் பாலக்லாவா என்ற பெயர் அச்சில் வழங்கத் தொடங்கியதோ, யுத்தம் முடிந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழிந்த பிறகுதான்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. முன்பக்கம் பித்தான் வைத்த கம்பளிச் சட்டைக்கு 'கார்டிகன்' என்று பெயர். அதே யுத்தத்தில், 1854 அக்டோபர் 25-ல், குதிரைப்படையை ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்கு நேரே நடத்திச் சென்ற பிரபுவின் பெயர் அது. சிப்பாய்கள் கூடாரத்தில் நனைந்துகொண்டிருக்க, அவர் துறைமுகத்தில் தமது சொந்தப் படகில் சௌகரியமாகத் தூங்கினார். பிரபுவின் பெயர் சட்டைக்குக் கிடைத்தது; சிப்பாய் உயிரை விட்ட ஊரின் பெயர் குல்லாய்க்குக் கிடைத்தது.

இது அந்நியர் கதைதானே என்று எண்ணிவிட வேண்டாம். 108 ஆண்டுகள் கழித்து, 1962 அக்டோபரில், சீனப் படைகள் நம் வடகிழக்கு எல்லையைத் தாண்டியபோது, 10,000 அடிக்கு மேற்பட்ட மலைகளில் நின்ற நம் ஜவான்களில் பலர் பருத்திச் சீருடையும் கான்வாஸ் ஜோடும்தான் அணிந்திருந்தார்கள். அப்போதும் செய்தி தெரிந்த பிறகே நாடெங்கும் பெண்கள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினார்கள். அவர்களுடைய அன்பில் குறைவில்லை. ஆனால் பனி முந்திக்கொண்டது. இரண்டு சந்தர்ப்பங்களிலும் இல்லாமற்போனது கம்பளியன்று; காலத்தில் வந்து சேரும் கம்பளி.

ராஜாங்கத்தைப் பற்றிய இப்பாடம் வீட்டுக்கும் பொருந்தும். டில்லியில் வாசிக்கும் பிள்ளைக்கோ, குன்னூரில் இருக்கும் பெரியவருக்கோ, கடல் கடந்து வாழும் பெண்ணுக்கோ குல்லாய் அனுப்ப நினைப்பவர்கள் புரட்டாசியிலேயே ஊசியை எடுத்துவிடுவது நலம். இதற்குக் குரோஷாப் பின்னலே நம் இல்லங்களுக்கு உகந்தது. இரண்டு ஊசிப் பின்னலில் வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியில் தொங்கும். ஊசி நழுவினால் வேலை குலைந்துபோகும். குரோஷாவிலோ ஊசியில் இருப்பது ஒரே கண்ணிதான். அடுப்பில் பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு ஓடலாம்.

முதலில் நூலைப் பரீட்சை செய்யுங்கள். கடையில் கம்பளி என்று விற்பதெல்லாம் கம்பளியன்று. சிறு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். தலைமயிர் கருகும் நாற்றம் வீசி, சாம்பல் விரலில் நொறுங்கினால் ஆட்டு ரோமம்; உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் செயற்கை நூல். ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்ததாகத் தோன்றாது. மூச்சுக்காற்றின் ஈரம் ஓயாமல் படும் முகத்துக்கு இது மிகவும் முக்கியம்.

நடுத்தரப் பருமனுள்ள நூல் 200 கிராமும், 5 மில்லிமீட்டர் குரோஷா ஊசியும் போதும். நூலை ஒரு முறை ஊசியில் சுற்றிப் போடும் நெட்டைக் கண்ணியால் சிறு சதுரம் ஒன்று பின்னி, 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். 14 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். தலையின் சுற்றளவு 56 சென்டிமீட்டரானால், குல்லாய் இறுக்கமாக நிற்பதற்கு 2 சென்டிமீட்டரைக் கழியுங்கள். 54 சென்டிமீட்டருக்கு 76 கண்ணி.

76 சங்கிலி போட்டு வளையமாகச் சேர்த்து, கழுத்துப் பட்டியை 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பின்னுங்கள். இங்கே கீழ்வரிசைக் கண்ணியின் தலைக்குள் ஊசியை விடாமல், அதன் உடம்பைச் சுற்றி, முன்புறமாக ஒன்று, பின்புறமாக ஒன்று என்று மாற்றிப் போட்டால், பட்டி ரப்பர்போல் இழுபட்டுக் கொடுக்கும். பிறகு முகத்துக்காக 24 கண்ணிகளை விட்டுவிட்டு, மிகுந்த 52 கண்ணிகளின் மேல் முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பி 10 சென்டிமீட்டர் பின்னுங்கள். அப்பால் 24 சங்கிலி போட்டுத் திறப்பின் மேல் பாலம் கட்டி, மறுபடியும் வளையமாகச் சேர்த்து, நெற்றிக்கு மேல் 5 சென்டிமீட்டர் நேராகப் பின்னுங்கள். அடுத்த வரிசையில் 4 கண்ணி குறைத்து 72 ஆக்கி, பின்னர் வரிசைக்கு 8 இடங்களில் சம தூரத்தில் ஒவ்வொன்றாகக் குறையுங்கள். 8 வரிசையில் 8 கண்ணி எஞ்சும். நூலை அவற்றினூடே இழுத்து உச்சியை மூடிவிடலாம். முகத் திறப்பின் விளிம்பைச் சுற்றிக் குட்டைக் கண்ணி ஒரு வரிசை போட்டால் அது தளராது. குளிர் அதிகமானால் கீழ்விளிம்பை மூக்கின் மேல் ஏற்றிக்கொள்ளலாம். இல்லாதபோது மோவாய்க்குக் கீழே இறக்கிவிடலாம்.

ஒருவருக்கு இரண்டு குல்லாய் இருப்பது உத்தமம். ஒன்று மூச்சின் ஈரம் உலரும்வரை மற்றது உதவும். வெந்நீரில் போட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும்; பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டைக் கரைசலிட்டு அலசி, முறுக்காமல் ஒற்றி, நிழலில் படுக்கையாக உலர்த்துங்கள். கைக்குழந்தைகளுக்கு மாத்திரம் வாயையும் மூக்கையும் மூடும் குல்லாய் வேண்டாம். தூங்கும்போது எந்தக் குல்லாயும் வேண்டாம்.

இனி மிஞ்சுவது தபால்தான். முடித்த குல்லாயைத் தீபாவளிப் பட்சணத்தோடு சேர்த்து அனுப்பலாம் என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அலமாரியில் கிடக்கும் கம்பளிக்கும் பாலக்லாவாக் கரையில் கிடந்த கம்பளிக்கும் அதிக வித்தியாசம் இல்லை. கடைசிக் கண்ணியை இழுத்து முடிந்த அன்றே விலாசத்தையும் எழுதிவிடுங்கள்.