பையன்களிடம் ஒரு வீட்டை ஒப்படையுங்கள்

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் நம் திருச்சபை இளைஞர்களுக்கு உறக்கம் கிடையாது. கோபுரத்தில் ஸ்டார் கட்ட வேண்டும், குடில் போட வேண்டும், கேரல் ரவுண்டுக்கு வண்டி பிடிக்க வேண்டும். கொடியேற்றத் திருவிழா வந்தால் தேர் தூக்குவது அவர்கள்தான். திருநெல்வேலிப் பக்கம் அசனப் பண்டிகையில் அண்டா இறக்கி, இலை போட்டு, ஊருக்கே பரிமாறுவதும் அவர்களே. இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை ஒரு பையன் செய்யும் சபைப் பணிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒன்று விளங்கும். தூக்குவதற்கு அவனுக்குப் பாரம் கொடுக்கிறோம். பார்த்துக்கொள்வதற்கு ஆள் கொடுப்பதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். பாட்டி படுக்கையில் விழுந்தால் கஞ்சி ஊட்டுவதும் துணி மாற்றுவதும் பேத்தியின் தலையில் விழும். பேரன் மாத்திரை வாங்கக் கடைக்குப் போய் வருவான். இன்னொரு மனிதரின் பலவீனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகாமலே அவன் வளர்ந்து, கணவனாகி, தகப்பனாகிறான். ஆண்பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை, குடிக்கும் போனுக்கும் அடிமையாகிறார்கள் என்று சபைக் கூட்டங்களில் வருந்துகிறோம். வருத்தம் நியாயமானது. அதற்கு மருந்தாக நாம் கொடுப்பதோ இன்னொரு வாலிபர் முகாம், இன்னொரு விளையாட்டு விழா, இன்னொரு கிட்டார். ‘நீ வராவிட்டால் இன்னார் தவித்துப் போவார்’ என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

அப்படிச் சொல்லப்பட்ட இளைஞர்கள் சிலரின் கதை 1833-ஆம் ஆண்டுப் பாரிஸில் தொடங்குகிறது. பிரெடெரிக் ஓசானாம் லியோன் நகரிலிருந்து சட்டம் படிக்க வந்த மாணவர். பாரிஸில் அவர் தங்கியது மின்னோட்ட அலகுக்குப் பெயர் தந்த விஞ்ஞானி ஆம்பியரின் வீட்டில். பேரறிவும் ஆழ்ந்த பக்தியும் ஒரே மனிதரிடம் குடியிருக்க முடியும் என்பதை அங்கே அன்றாடம் கண்டார். மாணவர் விவாதக் கூட்டங்களில் கிறிஸ்தவத்துக்காக வாதாடி வந்தவரை ஒருநாள் எதிரணி மாணவர் ஒருவர் மடக்கினார். உங்கள் சபை பழைய காலத்தில் நன்மை செய்தது சரி, இன்று நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. 1833 ஏப்ரலில், அவருக்கு இருபது வயது நிறைந்த நேரத்தில், ஆறு மாணவர்கள் கூடி ஒரு சிறு குழு தொடங்கினார்கள். இன்று உலகமெங்கும், நம் பங்குகளிலும் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

ஓசானாமைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மாணவர்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு பெரியவர்கள். ஒருவர் எம்மானுவேல் பாயி, பத்திரிகை நடத்தியவர், வயது நாற்பதையொட்டி. கூடுவதற்குத் தன் பத்திரிகை அலுவலகத்தைத் தந்தார், தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார்; வேலையைப் பையன்களிடமே விட்டார். மற்றவர் ரோசலி ரெந்து என்ற அருட்சகோதரி. முஃப்தார் தெருவை ஒட்டிய பாரிஸின் மிக வறிய பகுதியில் பல்லாண்டுகளாகப் பணிசெய்து, எந்த மாடியில் யார் பட்டினி என்பதை அறிந்து வைத்திருந்தவர். 1832-இல் காலரா அந்தத் தெருக்களை வாரிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவர். வந்து நின்ற மாணவர்களுக்கு அவர் நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. ரொட்டிக்கும் விறகுக்குமான சீட்டுகளைக் கொடுத்து, போக வேண்டிய குடும்பங்களைச் சொல்லி அனுப்பினார். போகிற இடத்தில் எப்படி நடந்துகொள்வது, எப்படிப் பொறுமையாகக் கேட்பது என்றும் சொல்லிக்கொடுத்தார்.

வார வாரம் வீடு சந்திக்க வேண்டும். பிறகு கூட்டத்தில் உட்கார்ந்து, என்ன பார்த்தோம், என்ன செய்தோம், எங்கே கை கட்டப்பட்டது என்று சொல்ல வேண்டும். அந்தக் குழுவின் முறை இவ்வளவுதான். இந்த இரண்டாம் பாதியில்தான் வழிகாட்டுதலே இருக்கிறது என்பேன். பையன் வீட்டுக்குப் போய் வந்துவிட்டான். குடித்துவிட்டு வந்த தகப்பன் அவனைத் திட்டி அனுப்பியிருக்கலாம், கொடுத்த பணம் வேறு வழியில் செலவானது தெரிந்திருக்கலாம். அந்த வாரம் ஒரு பெரியவர் அவனுக்குக் காது கொடுக்காவிட்டால் அவன் ‘இவர்களைத் திருத்த முடியாது’ என்ற முடிவோடு திரும்பிவிடுவான். காது கொடுத்தால் அடுத்த வாரமும் போவான். அப்படிப் போனதால்தான் ஓசானாம், தருமத்தோடு நின்றுவிட முடியாது, கூலியும் நீதியும் சம்பந்தப்பட்ட விஷயம் இது என்று பின்னாளில் எழுதும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். சோர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, 1853-இல் நாற்பது வயதில் இறந்தார். 1997-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

இத்தாலியின் தூரின் நகரில் 1854 கோடையில் நடந்தது இன்னும் கடுமையானது. காலரா பரவி, நோயாளிகளைத் தூக்கவும் துடைக்கவும் ஆளில்லை. அங்கே ஏழைப் பையன்களுக்கு விடுதி நடத்திய குருவானவர் தொன் போஸ்கோ தன் பையன்களிடம் கேட்டார். முதலில் பதினான்கு பேர், பிறகு முப்பது பேர் முன்வந்தார்கள். முகாம் மருத்துவமனைகளுக்குச் சிலர், வீடுகளுக்குச் சிலர் என்று பிரிந்து போனார்கள். அவரே கூடப் போனார். நோயாளிகளுக்குப் போர்த்தத் துணி தீர்ந்தபோது அவருடைய தாய் மார்கரீத்தா வீட்டிலிருந்த மேசை விரிப்புவரை எடுத்துக் கொடுத்ததாக அவர் தொடங்கிய சபையினரான சலேசியர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பையன்களில் ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை. இன்று இளவயதினரைக் கொள்ளைநோய்க்கு நடுவே அனுப்புவது தவறு, அதை யாரும் பின்பற்றக் கூடாது. ஆனால் அங்கே துடைத்துச் சுத்தம் செய்தவர்களில் பதினேழு வயது மிக்கேல் ரூவாவும் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். தொன் போஸ்கோவுக்குப் பின் சபையை நடத்தியவர் அவர். 1906-இல் சலேசியர்கள் முதன்முதலாக இந்தியாவுக்கு, நம் தஞ்சாவூருக்கு வந்து இறங்கியதும் அவர் காலத்தில்தான்.

நம் இளைஞர்களிடம் இந்த மனம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2004 சுனாமியிலும், 2015 சென்னை வெள்ளத்திலும், 2017 ஒக்கியில் குமரிக் கடற்கரை தவித்தபோதும் இடுப்பளவு தண்ணீரிலும் சேற்றிலும் நின்றவர்கள் அவர்களே. பேரிடர் அவர்களுக்கு வேலை கொடுத்தது. தண்ணீர் வடிந்த பிறகு சபை அவர்களிடம் மறுபடியும் நாற்காலி அடுக்கும் வேலையைத்தான் நீட்டியது.

வெள்ளம் இல்லாத நாளில் வேலைக்கா பஞ்சம்? பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியவர்களுக்கு வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணை வேண்டும். ஜி.எச்.சில் வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு, நான்கு மணி நேரம் வெளியே காத்திருந்து வீடு சேர்க்க ஒரு ஆள் வேண்டும். கடலில் கணவனை இழந்த பெண்ணுக்கு அலுவலகம் அலுவலகமாக விண்ணப்பத்தோடு ஏறி இறங்கத் தெரிந்த ஒருவன் வேண்டும். ‘படிக்கிற பையன்’ என்று பெற்றோர் தயங்குவார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

எந்தத் தெருவுக்கு அனுப்புகிறோம் என்பதும் சாதாரண விஷயமில்லை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பிய சமூகம் நாம். பையனை அவன் சொந்தக்காரர்கள் வீட்டுக்கே அனுப்பி ‘சேவை’ என்று பேர் வைத்தால் அந்தச் சுவருக்கு இன்னொரு வரிசைக் கல் ஏறும். ஒடுக்கப்பட்டவர் தெருவில் பிறந்த பையனும் மற்ற தெருவில் பிறந்தவனும் ஜோடியாகப் போகட்டும். ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கட்டும். இதில் வரும் முணுமுணுப்பைத் தாங்கும் தைரியம் குருவானவருக்கும் சபைக் குழுவுக்கும் வேண்டும். பையன்களிடம் அது நம்மைவிட அதிகமாகவே இருக்கிறது என்பது என் எண்ணம்.

சில வரம்புகளைக் கறாராக வைக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவரைத் தனியாக ஒரு பெரியவரோடு அனுப்பவே கூடாது; சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இலேயே வந்துவிட்டது, அதற்கான காரணங்கள் திருச்சபைக்குள்ளும் இருந்தன. இரண்டு பையன்கள், ஒரு பெரியவர், பெற்றோருக்குத் தெரிந்த விலாசம் என்று போகட்டும். செல்போனில் படம் எடுக்கக் கூடாது. அரிசிப் பையோடு ஒரு விதவையை நிற்க வைத்து எடுத்து முகநூலில் போடும் படம், அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் விலை. கூடப் போகும் பெரியவர் ஆணாக இருப்பதும் நல்லது. ஓய்வுபெற்ற ஆசிரியர், மின்வாரிய ஊழியர், ஆண் செவிலியர் யாராயினும், அவர் குனிந்து ஒரு கிழவரின் செருப்பை மாட்டிவிடுவதைப் பையன் பார்க்க வேண்டும். சில மாதம் கழித்து அவர் வாசலில் நின்றுகொண்டு பையனை உள்ளே அனுப்ப வேண்டும்.

வீடுகளின் பட்டியலுக்கு எங்கே போவது என்று தேட வேண்டியதில்லை. நம் ரோசலிகள் நம் பங்குகளிலேயே இருக்கிறார்கள். மரியாயின் சேனையை 1921-இல் டப்ளினில் தொடங்கிய பிராங்க் டஃப், வின்சென்ட் தே பவுல் சபையில் பயின்றவர். இருவர் இருவராகப் போவது, வாரக் கூட்டத்தில் அறிக்கை சொல்வது என்ற பழக்கம் நம் ஊர்ச் சேனைப் பெண்களிடம் இன்றும் இருக்கிறது. சி.எஸ்.ஐ. சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது சொல்லாமலே தெரியும். அவர்களில் பலருக்கு இப்போது முழங்கால் வலி. மாடி ஏற முடிவதில்லை. அவர்களை அழைத்து, ‘உங்கள் வீடுகளில் இரண்டை இந்தப் பையன்களுக்குக் கொடுங்கள், முதல் இரண்டு மாதம் நீங்களும் கூடப் போங்கள்’ என்று கேட்க ஒரு குருவானவருக்குப் பேராயரின் அனுமதியும் தேவையில்லை, சபைக் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் தேவையில்லை. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்டுவிடலாம்.