ஐம்பது வருஷத்துச் சாமான்

ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் செய்து முடிப்பதைவிடச் சிரமமான காரியம் ஒன்று உண்டு என்றால், அது ஐம்பது வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி செய்வதுதான். கல்யாணத்திலாவது ஒத்தாசைக்குப் பத்துப் பேர் வருவார்கள்; குறைந்தபட்சம் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வதற்காவது வருவார்கள். வீடு காலி செய்யும்போது தானாக வருகிறவர் பழைய சாமான்காரர் ஒருவர்தான். அவரும் வாசற்படி ஏறுமுன்பே, "எல்லாம் சேர்த்து எவ்வளவு வேணும், சொல்லுங்கம்மா" என்பார்.

சென்னையில் மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், மதுரையில் மாசி வீதிகள் என்று எங்கே போனாலும் இன்று இது நடக்காத தெரு இல்லை. பிள்ளைகள் ஊருக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். இருக்கிறவர் ஒருவரோ இருவரோ. ஐந்து அறை, கிணறு, மாமரம், மாடிப்படி எல்லாவற்றையும் பெருக்கி மெழுகி வைத்துக்கொள்ள எழுபது வயதுக்கு மேல் யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஆகவே சிறிய வீட்டுக்குப் போகிறார்கள். (சின்ன வீடு என்று எழுதினால் ஆபீஸில் சிரிக்கிறார்கள், ஆகையால் சிறிய வீடு.) அக்கம்பக்கத்தார், "பாவம், வீட்டை வித்துட்டாங்க" என்று உச்சுக் கொட்டுகிறார்கள். பெரிய வீட்டை விடுவதில் பாவப்பட ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். பாவப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பிள்ளை வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு நாள் லீவில் வந்தார். மகா கெட்டிக்காரர். அம்மாவுக்கு அலைச்சல் வேண்டாம் என்று அவளைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார். பத்தே நாளில் பழைய வீட்டைக் காலி செய்து, ஃபிளாட்டில் புதுக் கட்டில், புது அலமாரி, புதுப் பாத்திரம் எல்லாம் வாங்கி அடுக்கி, அம்மாவை அழைத்து வந்து கதவைத் திறந்து காட்டினார். அம்மாள் சுற்றிப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள். பிறகு சமையலறைக்குள் போய், "என் அரிசிப் படி எங்கே?" என்று கேட்டாள்.

படி வேனில் போய்விட்டது. நாற்பது வருஷம் அந்தப் படியில் அளந்த கை அது. இப்போது டம்ளரில் அளந்தால் ஒரு நாள் சாதம் குழைகிறது, ஒரு நாள் விறைக்கிறது. பிள்ளை வாட்ஸப்பில், "படி என்னம்மா பெரிய விலை, பத்து வாங்கி அனுப்புகிறேன்" என்கிறார். அவர் அனுப்பவும் அனுப்பினார். அம்மாள் அதில் பருப்பு போட்டு வைத்திருக்கிறாள்.

இதைக் கேள்விப்பட்டபோதுதான் என் பெரியம்மாவின் வீட்டிலும் பேச்சு ஆரம்பித்திருந்தது. மேற்கு மாம்பலத்தில் ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2400 சதுர அடி. பெரியப்பா 1974-ம் வருஷம் கடன் வாங்கிக் கட்டிய வீடு. பெரியப்பா காலமாகி ஆறு வருஷம் ஆயிற்று, உயில் எழுதவில்லை. மூத்த அண்ணன் புனாவில், சின்ன அண்ணன் பெங்களூரில், அக்கா கோயம்புத்தூரில். மூன்று பேரும் நல்லவர்கள். கூடத்தில் உட்கார்ந்து மிக அருமையாகத் திட்டம் போட்டார்கள்: வீட்டை விற்று மூன்று பாகம் செய்வது, அம்மா ஒவ்வொருவர் வீட்டிலும் நாலு நாலு மாதம் இருப்பது. கணக்கு எவ்வளவு அழகாகப் பன்னிரண்டு மாதத்துக்குச் சரியாக வருகிறது, பாருங்கள்!

பெரியம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். தம்ளரை வைத்துக்கொண்டே, "மூணு இல்லைப்பா, நாலு" என்றாள்.

அவள் சொன்னதுதான் சட்டம். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி, கணவர் உயில் எழுதாமல் காலமானால் அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவிக்கு ஒரு பாகம், பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு பாகம், எல்லாம் சமம். கணவரின் தாயார் இருந்தால் அவருக்கும் ஒன்று. இது தெரியாத வீட்டில்கூட அம்மாவை யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை. "அம்மாவுக்குத் தனியாக எதற்கு, நாங்கள் இருக்கிறோமே" என்ற பிரியத்திலேயே அந்த நாலாவது பாகம் காணாமல் போய்விடுகிறது. அப்புறம் அவள் பெட்டியோடு ரயிலில் போய்க்கொண்டே இருக்கிறாள்.

பெரியம்மா தன் பாகத்தில் நங்கநல்லூரில் ஒரு ஃபிளாட் வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. பத்திரம் அவள் பெயரில். "உங்க காலத்துக்கு அப்புறம் யாருக்குன்னு இப்பவே செட்டில்மெண்ட் எழுதிடலாமே" என்று ஒரு உறவினர் யோசனை சொன்னார். அவசரம் என்ன? பிறகு யாருக்கு என்பதை உயிலில் எழுதலாம். மனசு மாறினால் உயிலை மாற்றலாம். கொடுத்துவிட்ட தானப் பத்திரத்தை அப்படி மாற்ற முடியாது. தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பெரியவர்கள் எழுதிக் கொடுத்திருந்து, பிள்ளைகள் பராமரிக்காமல் விட்டால், அதை ரத்துச் செய்யக் கோரலாம் என்று 2007-ம் வருஷம் வந்த மூத்த குடிமக்கள் சட்டம் சொல்கிறது. வாஸ்தவம்தான். ஆனால் எழுபத்தாறு வயதில் ஒருத்தி ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறுவதை எண்ணிப் பாருங்கள். இன்னொன்று: வீட்டை விற்ற இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால், அதற்குப் போட்ட தொகை அளவுக்கு விற்ற லாபத்தில் வருமான வரிச் சலுகை உண்டு. நிபந்தனைகளும் உண்டு, கிரயத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஃபிளாட் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். பெரியம்மா கைப்பையில் தையல் மிஷின் டிராயரிலிருந்து எடுத்த பழைய டேப். புரோக்கர், "ஆயிரத்து ஐம்பது சதுர அடி" என்றார். அளந்தால் உள்ளே 760-தான் இருந்தது. மீதி எங்கே என்றால் மாடிப்படியில், லிஃப்டில், சுவரில் என்றார். 2016-ம் வருஷத்துச் சட்டம் வந்த பிறகு புதிதாகக் கட்டி விற்கிறவர்கள் உள்ளே புழங்குகிற 'கார்ப்பெட்' அளவைச் சொல்லத்தான் வேண்டும். கைமாறி வருகிற பழைய ஃபிளாட்டுகளில் இன்னும் அந்தப் பெரிய கணக்குத்தான் பேசுகிறார்கள். கூடவே, மனையில் நமக்கு எவ்வளவு பிரிபடாத பாகம் என்பதையும் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் கட்டடத்தை இடித்துக் கட்டினால் பேசப்போவது அந்தப் பாகம்தான்.

புரோக்கர் ஹாலின் வெளிச்சத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பெரியம்மாவோ குளியலறைக் கதவை அளந்துகொண்டிருந்தாள். இரண்டரை அடி, அதிலும் நிலையும் கதவின் கனமும் போகக் கிடைப்பது இன்னும் குறைவு. "நாளைக்கு என்னைச் சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டு வந்தா, வாசலோடு நிறுத்திடுவாங்களா?" என்றாள். முதலில் பார்த்த மூன்று ஃபிளாட்டுகள் இந்த ஒரு கேள்வியிலேயே அடிபட்டுப் போயின. நாலாவதில் கதவு அகலம், உள்ளே இறங்கும் படியும் இல்லை. கரண்ட் போனால் லிஃப்ட் ஓட ஜெனரேட்டர் உண்டா என்று காவல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். புரோக்கரிடம் கேட்கவில்லை!

இனி சாமான் கதைக்கு வருகிறேன். தை மாதம் ஆரம்பித்து வைகாசி வரைக்கும், ஆடி பிறப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டு, தினம் காலையில் ஒரு மணி நேரம். அதற்கு மேல் கிடையாது. ஒரு நாளைக்கு ஓர் அலமாரி, அல்லது பரணில் ஒரு மூலை. உதவிக்கு வந்தவர்கள் எடுத்துக் கொடுக்கலாம், "இது எதுக்கு?" என்று கேட்கக் கூடாது.

பித்தளையும் வெண்கலமும் இறங்கின. 1968-ல் கல்யாணத்துக்கு வந்த அண்டா, தவலை, கொப்பரை. பேர் வெட்டின பாத்திரம் என்றால் உங்களுக்குத் தெரியும்: விளிம்பைத் திருப்பினால் புள்ளி புள்ளியாகக் கொடுத்தவர் பெயர், தேதி. பெரியம்மா ஒவ்வொன்றையும் திருப்பிப் படித்தாள். பிறகு அடியில் சாக்பீஸால் இன்றைக்கு யாருக்குப் போகிறது என்று எழுதினாள். பெரிய அண்டா தெருவில் கல்யாணச் சமையல் செய்கிறவருக்கு. தூக்கு இரண்டும் வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்கு; அவளே கேட்டுவிட்டாள், கேட்டது நல்லதாயிற்று. யாரும் கேட்காதவை பாத்திரக் கடைக்கு. அங்கே எடைக்கு எடைதான். மாமன் கொடுத்த சீர் என்பதற்காகத் தராசு அரைக் கிலோ கூடக் காட்டாது. அதை முன்பே மனசில் வைத்துக்கொண்டு போனால் கடைக்காரருடன் சண்டை வராது.

ஆட்டுக்கல்தான் பெரிய பிரச்னை. இரண்டு ஆள் தூக்க வேண்டும். இலவசம் என்றாலும் எடுப்பாரில்லை. கடைசியில் பேத்தி, பால்கனியில் வைத்துக் குருவிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று கேட்டாள். பெரியம்மாவுக்கு அது ரசிக்கவில்லை. இருந்தாலும் கொடுத்துவிட்டாள். ஊஞ்சலைத் தொங்கவிடப் புது வீட்டுக் கூரையில் வளையம் இல்லை. கான்கிரீட்டைத் துளைக்கச் சங்கத்தார் சம்மதிக்கவில்லை. தேக்குப் பலகைக்குத் தச்சர் நாலு கால் வைத்தார், ஹாலில் பெஞ்சாகிவிட்டது. ஆறரை அடி இரும்பு பீரோ லிஃப்டில் நுழையாது என்பதை டேப் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அது கோயம்புத்தூருக்குப் போயிற்று.

பரணிலிருந்து இறங்கிய புத்தகக் கட்டு ஒன்று எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது. பெரியம்மாவின் மாமியார், 1950-லிருந்து 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, மணியத்தின் படங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தார். பழைய பேப்பர்க்காரர் கையை நீட்டிவிட்டார்! நல்ல வேளையாக நான் பக்கத்தில் இருந்தேன். கதை இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தப் படங்களும், பின்பக்கத்துச் சோப்பு விளம்பரமும் கிடைக்காது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர் இப்படிப்பட்ட பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்ததுதான், இன்று சென்னைத் தரமணியில் ஆராய்ச்சியாளர்கள் தேடி வரும் நூலகமாக இருக்கிறது. உங்கள் பரணில் ஏதாவது இருந்தால், எடைக்குப் போடுமுன் அப்படிப்பட்ட நூலகம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நேரம் எடுத்தவை போட்டோக்கள். ஒரு கல்யாண குரூப் போட்டோவில் முப்பத்தொரு பேர். ஒரு மத்தியானம் முழுக்க அதோடு போயிற்று. பெரியம்மா விரல் வைத்துச் சொல்லச் சொல்ல, நான் பின்பக்கம் பென்சிலால் வரிசைப்படி எழுதினேன். இருபத்தேழு பேருக்குப் பெயர் வந்தது. பின் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிற பையன் யார் என்று அவளுக்கு நினைவு வரவில்லை. "உங்க பெரியப்பா இருந்தா சொல்லியிருப்பார்" என்றாள். அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரக் கணக்கு தப்பிற்று. மறுநாள் எந்த அலமாரியையும் அவள் திறக்கவில்லை.

இந்த ஐந்து மாதத்தில் அண்ணன்மார் போனில், "இன்னும் முடியலையா? ஆள் வச்சு ஒரே நாளில் முடிச்சுடலாமே" என்று எத்தனையோ தடவை சொன்னார்கள். முடித்திருக்கலாம்தான். சாமானைக் கட்டி ஏற்றுகிற கம்பெனிகளுக்கு ஒரு வீடு ஒரு நாள் வேலை. அந்த அரிசிப் படியும் அப்படி ஒரு நாளில்தான் போயிற்று.

வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்த்து நங்கநல்லூரில் பால் காய்ச்சினார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை. மாம்பல வீட்டுக் கூடத்தில் இந்த ஃபிளாட் பாதி அடங்கிவிடும். பெரியம்மா கொண்டு வந்தது எவ்வளவோ குறைவு: இரண்டு குத்துவிளக்கு, கல்சட்டி, தையல் மிஷின், ஊறுகாய் ஜாடியில் சின்னது ஒன்று, கொலு பொம்மையில் ஐந்து படிக்கு வேண்டியது. ஒன்பது படி ஐந்தாகிவிட்டது என்று அக்காவுக்கு வருத்தம். பெரியம்மாவுக்கு இல்லை, "ஒன்பது படிக்கும் சுண்டல் பண்ணினது நானில்ல?" என்றாள்.

போன வாரம் நான் பார்க்கப் போனபோது அவள் வேறு வேலையாக இருந்தாள். மொட்டை மாடியில் வற்றல் காயப்போடக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் ஒரு விதி இருக்கிறதாம். காக்காய் வந்து அசுத்தம் செய்கிறது என்று மூன்றாம் மாடிக்காரர் ஆட்சேபம். பெரியம்மா வீடு வீடாகப் போய் ஏழு கையெழுத்து வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். மூன்றாம் மாடிக்காரரின் மனைவியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்பது இன்னும் அவருக்குத் தெரியாது.