கண்ணாடிப் பெட்டியை விட்டு வந்த பிறகு

கருவுற்ற 37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறக்கும் குறைமாதக் குழந்தைகளுள் சிலரை, மூச்சுத்திணறலைக் கடந்து தேறிவரும் வேளையில், பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில், கடுமையான குடல்நோய் ஒன்று தாக்குகிறது. மருத்துவர்கள் என்.இ.சி. என்று சுருக்கிச் சொல்லும் இந்த நெக்ரோடைசிங் என்டரோகோலைடிஸ், குடற்சுவர் அழற்சியுற்று அழுகும் நோயாகும். 1,500 கிராமுக்கும் குறைவான எடையுடன் பிறந்தோரே இதற்கு மிகுதியாக ஆளாகின்றனர். முதிராத குடலின் உட்சுவர் கிருமிகளைத் தடுக்கும் வலுவற்றிருப்பதும், அங்கே குடியேறும் நுண்ணுயிரிகளின் சமநிலை பிறழ்வதும், இரத்த ஓட்டம் எளிதில் குன்றிவிடுவதும் சேர்ந்து நோயை மூட்டுகின்றன. வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலத்தில் இரத்தம் காணும் குழந்தைக்குப் பாலை நிறுத்தி, ஊட்டத்தையும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும் இரத்தக்குழாய் வழியே செலுத்துவார்கள். குடலில் துளை விழுந்துவிட்டால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே வழி.

இந்நோய்க்கு எதிராக இதுவரை கண்டறியப்பட்ட மிக வலுவான காப்பு தாய்ப்பால்தான். 1990இல் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளைவிடப் புட்டிப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளிடம் இந்நோய் 6 முதல் 10 மடங்கு மிகுதியாக இருந்தது தெரியவந்தது. தாயின் பால் கிடைக்காத குழந்தைகளுக்குப் பிற தாய்மார் வழங்கும் பாலைச் சேமித்துத் தரும் தாய்ப்பால் வங்கி, மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கப்பட்டது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அத்தகைய வங்கி 2014இல் கிடைத்தது. ஆனால், வங்கிப் பால், பெற்ற தாயின் பாலுக்கு ஈடாகாது; தாயின் பால் சுரக்கவும் கிடைக்கவும் அவர் குழந்தையின் அருகில் இருக்க வேண்டும். வடசென்னையின் எண்ணூர்ப் பகுதியிலுள்ள கத்திவாக்கத்துப் பெண்ணுக்கு இதுவே பெரும் இடர். ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது என்றாலும், துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில், பிரசவித்த உடம்போடு நாள்தோறும் போய்வருவது எளிதன்று. தாயையும் சேயையும் ஒரே பிரிவில் வைத்துத் தோலோடு தோல் அணைக்கும் கங்காரு பராமரிப்பைப் பிறந்தவுடனேயே தொடங்கினால் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதை, டெல்லி உட்பட ஐந்து இடங்களில் நடந்து 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு காட்டியது. தாய்க்கான கட்டிலைச் சலுகையாக எண்ணாமல், சிகிச்சைக் கருவிகளுள் ஒன்றாகவே கருத வேண்டும்.

குழந்தை வீடு திரும்பிய அன்று மருத்துவமனைப் பதிவேடு மூடப்படுகிறது, குடும்பத்தின் நெடும்பயணமோ அன்றுதான் தொடங்குகிறது. குடலின் பெரும்பகுதியை இழந்த குழந்தைக்கு, எஞ்சிய சிறுகுடலால் சத்தை உறிஞ்ச இயலாத குறுங்குடல் நிலை ஏற்பட்டு, எடை ஏறாமல் போகலாம். குடலில் மூண்ட அழற்சி முதிராத மூளையின் நரம்பிழைகளையும் பாதிக்கக் கூடுமாதலால், இந்நோய் கண்டோரிடம், அதிலும் அறுவைச் சிகிச்சை பெற்ற குழந்தைகளிடம், தலை நிற்பது, உட்காருவது, பேசுவது தாமதமாகும் வாய்ப்பு ஏனைய குறைமாதக் குழந்தைகளைவிட மிகுதி. இத்தாமதத்தைப் பிறந்த தேதியைக் கொண்டு அளக்கலாகாது. பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிடும் திருத்திய வயதைக் கொண்டே அளக்க வேண்டும். இதை யாரும் விளக்காத வீட்டில் பாட்டியின் பதற்றம் ஒருபுறம், 'பிந்திப் பேசும் பிள்ளைதான்' என்ற அண்டை வீட்டாரின் தேறுதல் மறுபுறம் எனப் பொன்னான மாதங்கள் கழிந்துவிடுகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை பயிற்சிக்கு இணங்கும் அளவுக்குப் பின்னாளில் இணங்குவதில்லை.

அனல்மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த, 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவும் அமோனியா வாயுக் கசிவும் அடுத்தடுத்துத் தாக்கிய எண்ணூர்ப் பகுதிக்குத்தான் இந்த நலிந்த நுரையீரலும் குடலும் கொண்ட குழந்தை திரும்புகிறது என்பதால், இங்கே தொடர் கண்காணிப்பின் தேவை இரட்டிப்பாகிறது. தேசியச் சிறார் நலத் திட்டத்தின் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் 2013 முதல் இந்நோக்கத்துக்காகவே ஏற்பட்டவை; எனினும் ஒருநாள் கூலியை இழந்து, பேருந்து மாறி அங்கே போக வேண்டியிருப்பதே பல வருகைகளை நிறுத்திவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் முதியோர் வீட்டுப் படியேறி வரும் இயன்முறை மருத்துவர், அதே தெருவில் இருக்கும் குறைமாதக் குழந்தையின் வீட்டுக்கும், திருத்திய வயது குறித்த அட்டையோடும் எடைக்கருவியோடும், மாதம் ஒருமுறை வருவதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு குழந்தையின் விவரமும் அன்றே கத்திவாக்கத்துக்குரிய நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.