சமவெளியில் மலைச் சைக்கிள்

குன்றென்று சொல்லத்தக்க ஒரு மேடும் இல்லாத தஞ்சைச் சமவெளியில், மலைச்சரிவுகளுக்கென்றே உருவான தடித்த டயரும் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கும் உடைய கியர் சைக்கிள்களை நம் இளைஞர்கள் விரும்பி வாங்குவதும், இப்போது மின்சார சைக்கிளின் குணதோஷங்களைக் குறித்து உற்சாகமாக வாதிப்பதும், முதல் நோக்கில் சற்று விநோதமாகவே தோன்றும். ஆனால் ஆடி மாதத்து மேல்காற்றை எதிர்த்து, வெண்ணாற்றங்கரை மண்பாதையில், கேரியரில் உர மூட்டையுடன் மேற்கு நோக்கி மிதித்தவர்கள், மேடு என்பது காற்றிலும் உண்டென்பதை அறிவார்கள்.

மின்சார சைக்கிளின் மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருப்பின், சட்டம் அதனை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. லைசென்சும் பதிவும் வேண்டா. பெடல் அச்சிலேயே மோட்டாரைப் பொருத்தி, கால் அழுத்தும் பலத்தை அளந்து அதற்கேற்ப உதவும் உயர்தர அமைப்பு நேர்த்தியானதுதான். ஆயினும் அது பழுதானால் ஒரத்தநாட்டுச் சைக்கிள் கடைக்காரர் அதன் மூடியைக்கூடத் திறக்கத் தயங்குவார். பின்சக்கர ஹப்பில் அமையும் எளிய மோட்டாரே நமக்குப் போதும். மிதிப்பவரின் உழைப்பில் ஒரு பங்கை விழுங்கிவிடும் ஸ்பிரிங்குக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல பேட்டரிக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

அண்டையிலுள்ள புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினர். அவர்களிற் பலருக்கு இன்று முழங்கால் வலிக்கும் வயது. மின்சார சைக்கிளுக்கு அரசு மானியம் அளிக்க முன்வருமாயின், அது முதலில் அவர்களையும், நடவுக்குச் செல்லும் நம் பெண்களையும் சேரட்டும். ஞாயிறுதோறும் கல்லணை வரை உலாப் போகும் கனவான்கள் சற்றே காத்திருக்கலாம்.