வாசலில் வாங்கும் சம்மதம்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,



“ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறோம்.” மஃப்டியில் இரண்டு பேர் வாசலில் நின்று இப்படிச் சொன்னால், மகன் வேலைக்குப் போயிருக்கும் வீட்டில் தனியாக இருக்கும் தாய் என்ன செய்வார்? பதறிப்போய் ஒதுங்கி வழிவிடுவார். அப்படி ஒதுங்கியதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாமா என்பதுதான் இந்த மடலின் கேள்வி.

வாரண்ட் இருந்தால் வீட்டில் இருப்பவர் கதவைத் திறந்தே ஆக வேண்டும். அதில் தகராறு இல்லை. வாரண்ட் இல்லாத சோதனைக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆவது பிரிவுதான் அது; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 165. எந்தப் பொருளைத் தேடுகிறோம், அது அங்கே இருக்கும் என்று ஏன் நம்புகிறோம் என்பதை விசாரணை அதிகாரி கேஸ் டைரியில் எழுதிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்தக் குறிப்பின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ மனு கொடுத்தால் அவருக்கும் இலவசமாகத் தர வேண்டும். இந்தப் பிரிவில் யாருடைய சம்மதத்துக்கும் வேலையில்லை. வாசலில் ஒருவர் தலையாட்டிவிட்டார் என்பதால் எழுத வேண்டியதை எழுதாமல் விடவும் முடியாது.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அறையில் இருக்கும் பையன் வேலைக்குப் போயிருக்கிறான். மேனேஜரிடம் சாவிக்கொத்து இருக்கிறது; எஸ்.ஐ. கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் மாத வாடகை வாங்கிய பிறகு அந்த அறை பையனுடைய வீடு. மேனேஜர் கையில் இருப்பது சாவி மட்டுமே. சோதனையின்போது குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ உடனிருக்க அனுமதிக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும் என்கிறது 103-ஆவது பிரிவு. மேனேஜரையே சாட்சியாகவும் குடியிருப்பவரின் ஆளாகவும் கணக்குக் காட்டினால் இரண்டும் பொய்த்துப்போகும்.

சம்மதம் இருந்தால் வாரண்ட் வேண்டாம் என்று வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்ட நாடு அமெரிக்கா. அங்கேயே வீட்டு உரிமையாளர் வாடகைதாரருக்காகச் சம்மதம் தர முடியாது என்று 1961-இலும், ஓட்டல் எழுத்தர் அறையில் தங்கியிருப்பவருக்காகத் தர முடியாது என்று 1964-இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜார்ஜியா மாநில வழக்கு ஒன்றில் மனைவி ‘வாருங்கள்’ என்றார். பக்கத்திலேயே நின்ற கணவர் ‘கூடாது’ என்றார். அந்தச் சோதனை கணவருக்கு எதிராகச் செல்லாது என்று 2006-இல் முடிவானது.

நம் நிலைமை வேறு. சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காக மட்டும் அதில் கிடைத்த பொருளைச் சாட்சியத்திலிருந்து தள்ளிவிட முடியாது என்று 1973-இல் பூரண் மல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, காரணத்தை எழுதாமல் உள்ளே நுழையும் அதிகாரியின் வழக்குக்குப் பெரிய சேதம் எதுவும் வராது. அதனால்தான் நீதிமன்றத்தை விட்டுவிட்டுத் தங்களிடம் வருகிறேன். உங்கள் சுற்றறிக்கை ஒன்றுக்கு ஸ்டேஷனில் இருக்கும் மதிப்பு எங்களுக்குத் தெரியும்.

அப்படி ஒரு சுற்றறிக்கை வர வேண்டும், அதில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, ‘சம்மதத்துடன் சோதனை’ என்று எழுதி வாங்கும் கையெழுத்து 185-ஆவது பிரிவின் குறிப்புக்கு ஈடாகாது.

இரண்டு, வீட்டு உரிமையாளர், மேன்ஷன் மேனேஜர், வாட்ச்மேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆகியோரின் தலையாட்டலைக் குடியிருப்பவரின் சம்மதமாகக் கொள்ளக் கூடாது.

மூன்று, சோதனையை வீடியோ எடுக்கச் சொல்கிறது 105-ஆவது பிரிவு. அந்தப் பதிவு கதவைத் தட்டும் முன்பே தொடங்கட்டும். சம்மதம் எப்படி வாங்கப்பட்டது என்பது வாசலில் பேசும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் தெரியும்.

நான்கு, ‘எதற்காக வந்திருக்கிறீர்கள், எழுதி வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்பவர்மீது, பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்குப் போடக் கூடாது. காரணத்தை எழுதாமல் சோதனைக்குப் போன கலால் அதிகாரியைத் தடுத்தவர் குற்றவாளி இல்லை என்று 1959-இலேயே ரஹ்மான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவற்றால் உண்மையான விசாரணை எதுவும் தாமதமாகாது. காரணம் இருக்கும் அதிகாரிக்கு அதை எழுதப் பத்து நிமிடம் போதும். எழுதக் காரணம் இல்லாதவர் அந்த வாசலுக்கே வந்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
சென்னையில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒருவர்